மைனி கொண்டுவர வேண்டிய பானை

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரியைப் பின்னாலிருந்து திறக்க வேண்டும். குவைத்துக் கடையில் வாங்கியது. அரபிக்காரன் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எழுத இடம் இருந்தால் போதும். பதினாறு வருடம் நான் சமையல் வேலை பார்த்த மேடம் வீட்டு அடுப்படியில் தமிழ் பேச ஆள் கிடையாது. அதனால்தான் எழுதிப் பழகினேன். இப்போது ஊரோடு வந்தாயிற்று. பேச ஆள் நிறைய இருக்கிறது. பேசுகிற மாதிரி ஆள் ஒன்றையும் காணோம்.

அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டில் இறங்கியிருக்கிறோம். எங்கள் சொந்த வீடு ஊருக்கு வெளியே புது பிளாட்டில் பெயின்ட் வாசத்தோடு நிற்கிறது. அடுத்த மாதம் பத்தாம் தேதி பால்காய்ப்பு. அதுவரைக்கும் இந்தத் தெருவைச் சகித்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரி வாசலில் கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறாள். மழை பெய்தாலும் போகாதாம். அப்படியென்றால் விடிந்ததும் அவளுக்கு என்னதான் சோலி? கேட்டே விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே, "வீரவநல்லூருக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், வாரியா?" என்று கேட்டார். பெட்டியெல்லாம் பிரிக்காமல் கிடந்தது. "நீங்க போங்க, நான் பத்திரிகையோட ஜம்முன்னு வாரேன்" என்றேன். அவ்வளவு புதுச்சட்டை வாங்கி வந்திருந்தும் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூசியாம்.

"குவைத்துப் புழுதிக்காத்துல பதினாறு வருசம் வண்டி ஓட்டுன கண்ணு, வீரவநல்லூர்த் தூசிக்குக் கலங்கிருச்சாக்கும்!" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக அம்மிக்கல் என்று வைத்திருக்கலாம்.

ஜனவரி 22, புதன்

கொண்டுவந்த சாமான்களைப் பங்கு வைத்தேன். கம்பளி, சென்ட், டார்ச் லைட், பேரீச்சம்பழம், தலைவலித் தைலம். ஒன்றுவிட்ட கொழுந்தன் மகள் ஒன்று, முளைத்து மூன்று இலை விடவில்லை, சென்ட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல இதே பாதி விலைக்கு வரும் பெரியம்மா" என்கிறது. "அப்போ கொண்டா இங்க" என்று கையை நீட்டினேன். தரவில்லை. பாதி விலைக்காரிக்கும் ஓசி என்றால் முழுசாக இனிக்கிறது.

ஊரே மாறிக் கெட்டுப்போயிருக்கிறது. ஒரு வயசுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று தெருமுனையில் பேனர். பேனரில் முப்பது பயல்கள், எல்லாரும் கூலிங்கிளாஸ். குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒட்டிக்கொள்கிற வேட்டி கட்டுகிறான்கள். சாயங்காலம் ஆனால் அடுப்பை மூடிவிட்டுச் சிக்கன் ரைஸ் வாங்கப் போகிறாளுகள். மேடம் வீட்டுப் பூனைக்குக்கூட நான் அதைப் போட்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அக்கா பானை கொண்டுவந்து பால் காச்சாம நான் அந்த வீட்டுக்குள்ள கால எடுத்து வைக்க மாட்டேன்."

இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த பெண் கொண்டுவரும் பானையில்தான் புதுவீட்டு முதல் பால் பொங்க வேண்டும். அவருக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு அக்காதான், பிரமு. எனக்கு மைனி.

"வராம எங்க போவாவ? ஒரே தம்பி, ஒரே வீடு" என்றேன்.

சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மிக்கல்.

ஜனவரி 24, வெள்ளி

முதல் பத்திரிகை மைனிக்கு. அவர் முதுகுவலி என்று படுத்துவிட்டார், நான் மட்டும் போனேன். ஜரிகை வைத்த ஜார்ஜெட் சேலை, கழுத்தில் சங்கிலி, அரபிக்காரர்கள் பூசுகிற ஊது வாசனைத் தைலம். பஸ்ஸில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். நாற்றமே பழகினவளுக்கு வாசனை எப்படிப் பிடிக்கும்?

என் சத்தம் கேட்டதும் மைனி அடுப்படியிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடை வரைக்கும் வந்தார். அவ்வளவு ஆசை. நீட்டிய கையில் கம்பளிப் பையை வைத்தேன். "நல்ல கனம் மைனி, ரெண்டு கையிலயும் பிடிங்க!" என்றேன். பிடித்தபடி அப்படியே நின்றார். வயசாகிவிட்டது, பாவம், கம்பளியைக்கூடத் தாங்க முடியவில்லை.

வீட்டில் பெரிய டி.வி. வாங்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே போட்டோ, மாலை, சின்ன மின்விளக்கு. டி.வி. நல்ல டி.வி.

மைனியின் மகன் கொம்பையா காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. இருபத்து நான்கு வயது. ஒரே பிள்ளை. அப்போது லீவு கிடைக்கவில்லை, எங்களால் வர முடியவில்லை. ஃபோன் பண்ணிக் கேட்டுவிட்டேன். அந்தப் பேச்சு அன்றைக்கே முடிந்தது.

நான் பாட்டுக்கு விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரன் வாந்தி எடுத்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மைனி, "கொம்பையா இருந்தாம்னா உன் வீட்டு வேலையெல்லாம் அவனே..." என்று ஆரம்பித்தார்.

"கலாஸ் மைனி, கலாஸ்!" என்றேன். முடிந்தது, விடு என்று அர்த்தம். குவைத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது. "பழசப் பேசி என்னத்துக்கு? பத்தாந்தேதி பானையோட வந்து இறங்குங்க."

தாம்பாளத்தை நீட்டினேன். மைனி தொடவில்லை. அண்ணன்தான், மைனியின் வீட்டுக்காரர், "அங்கன வச்சிட்டுப் போம்மா" என்றார். குங்குமம் எடுக்கவில்லை. ஒரு வாய்க் காப்பித்தண்ணி இல்லை. மேடம் வீட்டில் கரண்ட் ரிப்பேருக்கு வருகிறவனுக்குக்கூடப் பழரசம் உண்டு.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, "போயிட்டு வாரேன் மைனி!" என்றேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். என் சேலையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

பத்திரிகை வைக்கப் போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு. ஒருத்திக்கு அன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரி. ஒருத்தனுக்கு அன்றைக்குத்தான் கோர்ட்டு. இன்னொருத்தி, "பாக்கேன் இசக்கி, பிரமு அக்கா வாராவளா?" என்று கேட்டாள். மைனி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, இவளுக்கு இலை போடுவது நான்தானே?

பொறாமை. டைல்ஸ் பதித்த வீட்டை இந்த ஜென்மங்களால் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

புது வீட்டில் மோட்டார் ஓடவில்லை. மோட்டார்காரன் வரவில்லை. கூப்பிட்ட ஒருத்தரும் வருவதாக இல்லை.

பிப்ரவரி 1, சனி

சமையல்காரன் வந்தான். வரவேற்பு ஜூஸ், பெண்களுக்கு மருதாணி ஸ்டால், பஞ்சுமிட்டாய் மெஷின் என்று அடுக்குகிறான். "ஏ தம்பி, பால் காச்சுதோமா, பொருட்காட்சி போடுதோமா?" என்றேன். எத்தனை இலை என்று கேட்டான். அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

மத்தியானம் அண்ணன் ஃபோன் பண்ணினார். மைனிக்கு மேலுக்கு முடியவில்லையாம், பால்காய்ப்புக்கு வருவது சிரமம்தானாம்.

"உங்க அக்காளுக்கு எம்புட்டு ராங்கி பாத்தீயளா?" என்று இவரிடம் கேட்டேன்.

"அன்னைக்கு நீ அங்க போயி என்ன பேசுன?"

"சிரிச்சுப் பேசுனேன்."

"அதான்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சோறு ஆறிப்போயிற்று. நானும் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை. இந்த ஊர் அரிசி சரியில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

சித்திரைக்கனி வந்தாள். இவருடைய சித்தப்பா மகன் பெண்டாட்டி, அடுத்த தெரு. இந்த ஊரிலேயே என் வாய்க்குக் கொஞ்சமாவது ஈடு கொடுக்கிறவள் அவள்தான். காய்ச்சல் வந்தால் மட்டும் கழற்றி வைப்பாள்போல, மற்ற நேரமெல்லாம் நைட்டிதான்.

"ஏளா, இந்த நைட்டியத் துவைப்பியா, இல்ல அப்படியே வெயில்ல நின்னு காயவிட்டுக்குவியா?" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சென்ட் அடிச்ச அடியில தெருநாயெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டு யக்கா. அதப் பாருங்க மொதல்ல."

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் பால்காய்ப்புப் பேச்சை எடுத்தேன். எல்லாருக்கும் பொறாமை என்றேன்.

"பொறாமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள். "துட்டி கேக்காம பத்திரிகை வச்சவ வீட்டுக்கு எவ வருவா?"

சாவு வீட்டுக்குப் போய் துக்கம் விசாரிப்பதைத்தான் இங்கே துட்டி என்பது. அது எனக்குத் தெரியாதா?

"ஃபோன்லயே கேட்டுட்டேன்லா?"

"ஃபோனக் கட்டிப் பிடிச்சா அழுதீய? எத்தன வருசம் கழிச்சு வந்தாலும் மொத வாட்டி அந்த வாசல்ல கால் வைக்கும்போது கட்டி அழணுமா இல்லையா? பிரமு மைனி ரெண்டு கையையும் நீட்டிட்டு ஓடி வந்திருக்காவ. நீங்க கம்பளியத் தூக்கிக் கொடுத்திருக்கீய. போதாக்குறைக்கு வெள்ளிக்கெழம, மினுக்குச் சேலை, போயிட்டு வாரேன்னு கத்தல் வேற. வீரவநல்லூரே பேசுது."

"அப்போ ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எதுக்கு? எங்க வீட்டுக்கு வந்து அழுன்னு எவளாவது வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவாளா யக்கா? அண்ணாச்சி வந்த மூணாம் நாளே போயி மைனி மடியில விழுந்து அழுதுட்டு வந்துட்டாவ. நீங்களும் கூடப் போயிருப்பியன்னு நாங்க நெனச்சோம்."

அவள் போன பிறகுதான் அந்தப் பஸ் தூசி ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். இது என்ன நாட்டு வழக்கம்? இரண்டு வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டும் டி.வி. பார்த்துக்கொண்டும் இருக்கிற வீட்டில் போய், பட்டனைத் தட்டினதுபோல அழ வேண்டும். கேட்டாலே சிரிப்பு வருகிறது. குவைத்தில் கார்டு அனுப்புவார்கள். மரியாதையான ஜனம்.

செய்தி வந்த அன்றைக்கு மேடம் வீட்டில் விருந்து. சம்பூசாவுக்கு, அதாவது அவர்கள் ஊர்ச் சமோசாவுக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஃபோனை மாவுக் கையோடு எடுத்தேன். வைத்த பிறகு மேடம் வந்து என்ன என்றாள். சொன்னேன். "கலாஸ், கலாஸ்" என்று தோளில் தட்டினாள். கெட்டவள் இல்லை. ஆனால் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததே. பொரித்தேன். அவ்வளவு சம்பூசாவில் ஒன்றுகூடக் கருகவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டுத் தின்றார்கள்.

அதற்கு மேல் என்ன துட்டி?

அந்தப் பயல் வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணுவான். "என்ன அத்தை, ஒட்டகத்துக்குப் பேன் பார்த்தாச்சா?" என்பான். ஃபோனைப் பிடிக்கத் தெரியாது. எப்போது பார்த்தாலும் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். "மூஞ்சியக் காட்டுலே மூதி" என்றால், "ஊருக்கு வா, காட்டுதேன்" என்பான். எனக்குப் பிள்ளை கிடையாது. அவனை நான்தான் இரண்டு வயது வரைக்கும் இடுப்பிலேயே வைத்துத் திரிந்தேன், அதற்கு இப்போது என்ன.

பிப்ரவரி 4, செவ்வாய்

செவ்வாய், வெள்ளியில் துட்டி கேட்கப் போகக்கூடாதாம். சித்திரைக்கனி சட்டம். நாளைக்குப் போகலாமாம். போகிறேன். அந்தப் பானை வராவிட்டால் எங்கள் வீட்டு அம்மிக்கல் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான்.

எப்படி அழுவது என்பது மறந்துபோயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிப் பார்த்தேன். "எம் ராசா" என்று இழுத்தேன். சுவரில் இருந்த பல்லி திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "அக்கா, பைப்பு எதுவும் உடைஞ்சிட்டா? ஒரு மாதிரி சத்தம் வருதே" என்றாள். "ஆமா, பழைய பைப்பு, அடைச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வெங்காயம் எடுத்துப் போகலாமா என்றுகூட யோசனை.

பிப்ரவரி 5, புதன்

பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். சங்கிலியைக் கழற்றி வைத்தேன். தைலம் போடவில்லை. போடாவிட்டாலும் அந்த ஊது வாசனை உடம்பை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மைனி நடையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. கையும் நீளவில்லை. முறம் மட்டும் நின்றது.

நான் அந்தப் படியில் ஏறி நின்றேன். பழகிவைத்த ராசா, மகராசா ஒன்றும் வரவில்லை. நாக்கு பிளாஸ்டிக் மாதிரி கிடந்தது. எவ்வளவு நேரம் நிற்பது? பக்கத்து வீட்டுச் சன்னலில் அந்த மூன்று மூஞ்சிகளும் வந்துவிட்டன. இவளுகளுக்கு வேறு சோலியே கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டி.வி.க்கு மேலே பார்த்தேன்.

போட்டோவில் அவனுக்கு மீசை இருந்தது. நல்ல தடித்த மீசை. முனையை முறுக்கி விட்டிருந்தான். அந்தச் சின்ன மூஞ்சிக்கு அவ்வளவு பெரிய மீசை.

"மீசை எப்ப மைனி வச்சான்?" என்று கேட்டேன். அழ வந்தவள் கேட்கிற கேள்வியா? எனக்கே தெரியும். ஆனால் அதுதான் வந்தது.

மைனி முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைசி வருசந்தான். அத்தைட்டச் சொல்லிராதம்மா, ஊருக்கு வந்து பாக்கட்டும்னு சொன்னான். இப்பமே பாத்தா பூன மீசைன்னு கேலி பண்ணுவாவ, அதுக்குள்ள நல்லா வளத்துக் காட்டணும்னு தெனமும் வெளக்கெண்ண தேச்சான். ஃபோனுல தெரியக்கூடாதுன்னு நெத்திய மட்டும் காட்டுவான், கோட்டிப்பய."

அந்த மீசையை நான் ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. ஒரே ஒரு வார்த்தைகூட.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வரவில்லை. அரிசி நடை முழுக்கச் சிதறிக் கிடந்தது, அது தெரியும். மைனியின் தலையும் என் தலையும் முட்டி நெற்றி புடைத்திருக்கிறது, அதுவும் தெரியும். சன்னல்காரிகள் மூன்று பேரும் உள்ளே வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்து கூடவே அழுதார்கள். அதில் ஒருத்தி நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு, "இவளுக்கு அழவே தெரியலயே, ஆடு கத்துத மாதிரில்லா கத்துதா" என்றாள். இருக்கட்டும், அவளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

மைனிதான் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினோம். பொறுக்கி முடித்ததும் எழுந்தேன்.

துட்டி கேட்ட வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. சொல்லவில்லை. மைனியும் வா என்று சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டரிடம் வாய் திறக்க முடியாமல் கையைக் காட்டினேன். ஊமை என்று நினைத்துக்கொண்டு உட்கார இடம் வாங்கிக் கொடுத்தான். என்னைப் போய் ஊமை என்று நினைத்திருக்கிறான்!

பிப்ரவரி 6, வியாழன்

தொண்டை கட்டியிருக்கிறது. இவர் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க விளங்கவில்லை. குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

துட்டி கேட்ட வாயால் நானே போய்ப் பால்காய்ப்புக்குக் கூப்பிடக்கூடாது என்பது சித்திரைக்கனியின் அடுத்த சட்டம். இவர் போய்ப் புதிதாகத் தாம்பாளம் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"குங்குமம் எடுத்தாவளா?"

"நான் பாக்கல."

இந்த மனுஷனைத் தூது அனுப்பியதற்குத் தபால்பெட்டியை அனுப்பியிருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாசலில் வாழை கட்டியாயிற்று. பந்தல்காரன் எனக்குத் தெரியாமல் பேனர் வைத்திருக்கிறான். அதில் என் மூஞ்சியைச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுப்பாக்கி வைத்திருக்கிறான். பார்த்தால் பேய்க்குப் பால்காய்ப்புபோல இருக்கிறது. கழற்று என்றால், "ஃப்ரீதான் அக்கா, இருக்கட்டும்" என்கிறான்.

அடுப்பு தயார். பால் சொல்லியாயிற்று. நான் எவர்சில்வர் பானை ஒன்று வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். ஒருவேளை தேவைப்படும் என்று. இவர் அதைப் பார்த்துவிட்டார். எடுத்துக்கொண்டுபோய் அரிசி அளக்க வைத்துவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

முகூர்த்தம் ஆறு மணிக்கு. ஐந்தரை வரைக்கும் வாசலில் நாங்கள் இரண்டு பேரும், ஐயரும், சமையல்காரனும், என் வெள்ளை மூஞ்சி பேனரும்தான். ஐயர் கொட்டாவி விட்டார். சமையல்காரன் என்னைப் பார்த்தான். "எல வாங்கிக் குமிச்சுட்டேனே அக்கா" என்றான். நான் திரும்பிக்கொண்டேன்.

வீரவநல்லூரிலிருந்து ஒரு வேன் வந்தது. முதலில் அண்ணன் இறங்கினார். பிறகு அந்தச் சன்னல்காரிகள் மூன்று பேர். எல்லாருக்கும் பின்னால் மைனி. இடுப்பில் பானை.

பித்தளைப் பானை. கழுத்தில் ஒடுக்கு. புளி போட்டுத் தேய்த்த லட்சணம் அடியில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, மூன்று செங்கல்லில் ஒன்றுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் வாங்கிய எவர்சில்வர் பானைக்குப் பக்கத்தில் நிற்க இதற்கு யோக்கியதை கிடையாது. இடுப்பிலிருந்து வாங்கும்போது பார்த்தேன், மைனி அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்திருக்கிறார்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அதற்குள் தெருவே வண்டியால் அடைத்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்காரியும் வந்தாள், கோர்ட்டுக்காரனும் வந்தான். ஒட்டிக்கொள்கிற வேட்டிகள், நைட்டிகள், கூலிங்கிளாஸ்கள் எல்லாம் வந்து இலைபோட்டுத் தின்றன. சமையல்காரனுக்கு இலை பற்றாமல் போயிற்று. சித்திரைக்கனி சேலை கட்டியிருந்தாள். "யாருட்டி இது, புது ஆளு?" என்றேன். "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

சாப்பிட்டு முடித்து மைனி கிளம்பினார். போகும்போது பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எம் பிள்ளை இருந்தாம்னா இந்த மூஞ்சிக்கு ஒரு மீசைய வரஞ்சு விட்டிருப்பான்" என்றார். அந்த மூன்று பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு மைனியும் சிரித்தார்.

வேனில் ஏறியவர் மறுபடி இறங்கினார். படியில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "போயிட்டு வாரேன்ட்டி இசக்கி!" என்றார்.

காது இருக்கிறதே எனக்கு. எதற்கு இவ்வளவு சத்தம்?

பட்டிக்காடு.